முழுப் பேர், அரைப் பேர்

1

தோட்டப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஐந்தாவது வரை படித்த ஜெயமணி இலங்கையிலிருந்து கடிதம் போட்டிருந்தாள். நம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு இந்த வருஷம் விழா மலர் அச்சடிக்கிறார்களாம். "நீ இந்தியாவில் எப்படி இருக்கிறாய் என்று எழுது, இங்கே எல்லாரும் படிப்போம்" என்று கேட்டிருக்கிறாள். ஐந்தாவது படித்தவள் தமிழ் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். பிழை இருந்தால் ஜெயமணி திருத்திக்கொள்ளட்டும். ஆட்களின் பெயரை மட்டும் திருத்த வேண்டாம். காரணம் போகப் போகத் தெரியும்.

நாங்கள் கப்பலேறி வந்து இந்த ஐப்பசியோடு இருபத்து நான்கு வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் அந்த நாளில் விளக்கேற்றி, ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் இடித்து, முருகன் படத்துக்கு முன்னால் வைப்பேன். இந்தக் கொடைக்கானல் மலையில் முருகனுக்கு ரொட்டி படைக்கிற வீடு என் வீடு ஒன்றாகத்தான் இருக்கும். கதிர்காமத்தில் இருந்தவருக்கு ரொட்டி புதுசா என்ன என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனால், பனி விலகிய நேரத்தில் கீழே பழனி மலை தெரியும். அங்கே நின்று பழனிக்கும் கதிர்காமத்துக்கும் சேர்த்து ஒரே கும்பிடாகப் போட்டுவிட்டு வருவேன்.

இந்த வருஷம் ரொட்டி வைத்துவிட்டுக் கண்ணை மூடினால் மனசு நிற்கவில்லை. போன வருஷம் இதே மழையில் நான் செய்த ஒரு காரியம் முன்னால் வந்து நின்றது. வாழ்க்கை எப்படி என்று கேட்டவர்களுக்கு அதையே எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

2

எங்கள் தெரு பஜாருக்குக் கீழே சரிவில் இருக்கிறது. ஒன்றை ஒன்று ஒட்டிய தகரக் கூரை வீடுகள். ஊர்க்காரர்கள் சிலோன் காலனி என்பார்கள். தோட்டத்து வரிசை வீடுகளைச் சொன்ன பழக்கத்தில் நாங்கள் இன்னும் லயம் என்கிறோம். என் மகள் சங்கீதா இரண்டையும் சொல்ல மாட்டாள். ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறாள். வீடு எங்கே என்று கேட்டால் "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்பாள். நான் தேத்தண்ணி என்று சொன்னால், "டீன்னு சொல்லும்மா, ப்ளீஸ்" என்பாள். பெற்ற பிள்ளையிடம் பேசும்போதும் யோசித்துப் பேசுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

சீசனில் எங்களுக்குக் குறை இல்லை. லாட்ஜில் ரூம் கூட்டலாம், துணி துவைக்கலாம், ஏரிக்கரையில் சோளம் சுட்டு விற்கலாம். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் எல்லாம் மூடிவிடும். மழையும் பனியும் சேர்ந்து இறங்கும். லாட்ஜில் ஒரு ஆள் போதும் என்பார்கள். வில்பட்டிப் பக்கம் காய்கறித் தோட்டத்து வேலைக்குப் போகலாம் என்றால் அங்கேயும் சேறு. ரேஷனில் இரண்டு ரூபாய் அரிசி வந்தது உண்மைதான். ஆனால் கார்டு இருக்கிறவர்களுக்குத்தான் அது அரிசி.

இதற்காகத்தான் நாங்கள் மூன்று பெண்கள் கைப்பிடி அரிசி என்று ஒன்று ஆரம்பித்தோம். நான், பக்கத்து வீட்டு மாரியாயி, கடைசி வீட்டு ராசம்மா. எங்கள் தெருப் பிள்ளை ஒன்று திங்கட்கிழமைக் காலையில் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து உலை வைக்கும் வீடெல்லாம் வைக்கும்போதே ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு டப்பாவில் போட வேண்டும். வியாழன் சாயந்தரம் டப்பாவைக் கொண்டுவந்து எங்கள் தெரு மாரியம்மன் கோயில் அண்டாவில் கொட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும், அடுப்பு எரியாத வீட்டுக்கு மடியில் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுப்போம்.

எந்த வீடு என்று யாரையும் கேட்பதில்லை. கூரையைப் பார்ப்போம். புகை வந்தால் சோறு இருக்கிறது. புகை வராவிட்டால் அங்கே போவோம். எங்கள் கணக்கு அவ்வளவுதான். கோயில் சாவி ராசம்மாவிடம் இருந்தது. அவள் தினமும் விளக்குப் போடுகிறவள்.

3

அந்த ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் தெருவுக்குள் இறங்கி வந்தாள். திண்டுக்கல்காரப் பெண், பெயர் கவிதா. ஏதோ ஒரு டிரஸ்டில் வேலையாம். கக்கத்தில் ஒரு பைல். எனக்கு பைலைக் கண்டாலே ஆகாது.

கோயில் முன்னால் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னாள். "மழ முடியற வரைக்கும் வாரா வாரம் அரிசியும் பருப்பும் தரலாம்னு இருக்கோம்மா. ஒரு பேருக்கு அஞ்சு கிலோ. நீங்க பேர் குடுத்தாப் போதும்."

பேர் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சங்கீதாவும் இதைப் படிப்பாள், அவளுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. விடியற்காலை ஆள் கணக்கு எடுக்கிற பிரட்டுக்களத்தில் போய் வரிசையில் நின்று, மலையேறிச் சாயந்தரம் வரை தேயிலைக் கொழுந்து எடுத்தால் கணக்கப்பிள்ளை ஒரு பேர் போடுவார். பாதியில் இறங்கினாலோ, கொழுந்து நிறை குறைந்தாலோ அரைப் பேர். கடலைத் தாண்டி வந்து இத்தனை வருஷம் ஆகியும் லயத்தில் பெரியவர்கள் வாயில் அந்த வார்த்தைக்கு அந்த அர்த்தம்தான்.

மாரியாயி கூட்டத்தில் முன்னால் நின்றாள். "ஒரு பேருக்கு அஞ்சு கிலோவா? பரவால்லியே. எத்தன மணிக்கு வரணும் புள்ள?"

"சனிக்கிழம பத்து மணிக்கு டிரஸ்டு பங்களாவுக்கு வாங்கம்மா."

"பிரட்டே பத்து மணிக்கா? அப்ப அரப் பேருதான் தேறும்."

கவிதாவுக்கு அதில் பாதிதான் காதில் விழுந்திருக்கும். "அரைகுறையா எழுதிட்டுப் போனா ஆபீசுல ஏத்துக்க மாட்டாங்கம்மா. முழுப் பேர் குடுக்கணும். இனிஷியலோட."

"இனிஷியல்னா என்னாடி?" என்று மாரியாயி பின்னால் திரும்பிக் கேட்டாள்.

"ஓவர்டைம் மாதிரி இருக்கும்" என்றாள் ஒருத்தி.

ராசம்மா எல்லாருக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கேரட் கழுவும் இடத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு ஒடிந்து, கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். "கை ஒடிஞ்சவங்களுக்கு எப்பிடிங்க?" என்று கேட்டாள்.

"யாரா இருந்தாலும் முழுப் பேர் குடுத்தாத்தாம்மா" என்றாள் கவிதா, சிரித்துக்கொண்டே, ஆறுதலாகச் சொல்வது போல.

ராசம்மா திரும்பி நடந்துவிட்டாள். நான் அதைப் பார்த்தேன். ஆனால் என் புத்தி அங்கே இல்லை. வீட்டு வேலை, லாட்ஜ் வேலை என்று அலைந்ததில் இந்த ஊர்ப் பேச்சு எனக்குப் புரியும். அவள் கேட்பது ஆளின் பெயர் என்று எனக்கு அப்போதே தெரியும். எனக்கு இருந்தது வேறு பயம்.

"நீங்க எந்தச் சாமிக்காரங்க?" என்று கேட்டேன்.

"சாமியெல்லாம் இல்லம்மா. அரிசி மட்டுந்தான்."

"அரிசிக்கு எதுக்குப் பேரு?"

"ஆபீசுல காட்டணும்ல."

"அவங்க யாருகிட்டக் காட்டுவாங்க?"

"அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா" என்றாள். பொய் சொல்லாத முகம். அதனாலேயே எனக்குச் சந்தேகம் கூடியது. எழுதி வாங்குகிறவர்கள் எல்லாரும் நல்ல முகத்தோடுதான் வருவார்கள். பேர் எங்கே போய்ச் சேருகிறது என்று அவர்களுக்கும் தெரியாது.

பிரட்டுக்கு ஆள் எழுதுகிறாள் என்று நினைத்து மற்றவர்கள் வரிசையாகப் பெயர் சொன்னார்கள். என் முறை வந்தபோது வள்ளியம்மை என்று சொன்னேன். சொல்கிற பொய்யை முருகன் வீட்டுப் பெயராகச் சொன்னால் பாவம் குறையும் என்று ஒரு நினைப்பு.

4

என் பயத்தின் காரணம் உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். எங்கள் குடும்பத்துக்கு இந்தியா பாஸ்போர்ட் எழுதும்போது என் அக்காவின் பெயரை ஒரு காகிதத்தில் பாக்கியலட்சுமி என்றும் இன்னொன்றில் பாக்கியம் என்றும் எழுதிவிட்டார்கள். வீட்டில் பாக்கியம் என்றுதான் கூப்பிடுவோம். கேட்டவுடன் அப்பா அதைச் சொல்லியிருப்பார். எழுதியவர் கேட்டதை எழுதியிருப்பார். யார் மேலும் குற்றம் இல்லை. ஆனால் கந்தோரில், அதாவது பாஸ்போர்ட் ஆபீசில், இது இரண்டு பெயர், அதனால் இரண்டு ஆள் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் பாஸ்போர்ட் வந்தது. அவளுடையது வரவில்லை. "நீங்க முன்னால போங்க, நான் அடுத்த கப்பல்ல வாரேன்" என்றாள். தலைமன்னார் வரை வந்து வழியனுப்பினாள். அவள் காகிதம் சரியாவதற்குள் கப்பலே நின்றுபோனது.

மண்டபம் முகாமில் இறங்கியதும் மறுபடி பெயர் எழுதினார்கள். பெரும்பாறைப் பக்கம் காபித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்த்தபோது எழுதினார்கள். அங்கிருந்து மேலே டவுனுக்கு வந்து ரேஷன் கார்டு கேட்டபோது எழுதினார்கள். எழுதும் ஒவ்வொரு முறையும் நான் எட்டிப் பார்ப்பேன். "என்னம்மா, எனக்கு எழுதத் தெரியாதா?" என்று வைவார்கள். தெரியும் ஐயா, தெரிந்தவர்கள் எழுதித்தான் என் அக்கா அங்கே நின்றுவிட்டாள் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

5

சனிக்கிழமை டிரஸ்டு பங்களாவில் அரிசி கொடுக்கிற நாள். நான் சும்மா கை வீசிக்கொண்டு போனேன். அரிசி வாங்க இல்லை, என்ன நடக்கிறது என்று பார்க்க. போய்ப் பார்த்தால் எனக்கு முன்னாலேயே லயத்துப் பெண்கள் வெள்ளனே வந்து இறங்கியிருக்கிறார்கள். மம்பட்டி, களைக்கொத்து, அரிவாள் எல்லாம் கையில். தலையில் மழைக்குக் கொங்காணிச் சாக்கு போட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, நம் மலையில் எப்படி நிற்போமோ அதே வரிசை. கவிதா வருவதற்குள் பங்களா முற்றத்தில் பாதியைச் சுத்தமாகக் கொத்தி எடுத்துவிட்டார்கள்.

வாட்ச்மேன் கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்த இன்னொருவனிடம் கத்தினான். "ஏலே, இங்க வந்து பாரு. மேடம் ஊட்டியில இருந்து வாங்கி வெச்ச புல்லுலே. மொத்தமா பேத்து எடுத்துருச்சுக."

கவிதா பத்து மணிக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். "எதுக்கும்மா மம்பட்டி?"

"முழுப் பேரு போடணும்னியே. பத்து மணிக்கு வந்தா முழுப் பேரு ஆகுமா? அதான் வெரசா வந்துட்டோம்" என்றாள் மாரியாயி. நெற்றியில் சேறு.

நான் போய்த்தான் இரண்டு பக்கமும் விளக்கினேன். அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. எங்கள் பெண்களும் சிரித்தார்கள், ஆனால் முகம் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அரிசி கிடைத்தது. வரும் வழியில் பாலத்தடியில் மாரியாயி எல்லாரையும் நிறுத்தினாள். "இந்தக் கதைய லயத்துல எவளும் வாயத் தொறக்கக் கூடாது. நம்ம பிள்ளைகளுக்குத் தெரிஞ்சா நம்மள உசுரோட உரிச்சிருவாளுக."

எல்லாரும் சரி என்றோம். நான்தான் முதலில் தலையாட்டினேன். எனக்குச் சங்கீதா முகம் ஞாபகம் வந்தது.

ராசம்மா அன்றைக்கு வரவில்லை. அவளிடம் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

6

அப்புறம் ஒரு நாள் குழாயடியில் அவளைப் பார்த்தேன். இடது கையால் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி அரிசி வாங்க வரல?"

"எனக்கு வேணாம்க்கா."

"வேணாமா?"

"இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இருக்கிறதாம். எப்படி இருக்கும்? அவள் புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது, ஒரு தகவல் இல்லை. ரேஷன் கார்டு இன்னும் பெரும்பாறைக் கடையில் பதிந்திருக்கிறது. இங்கே மாற்ற வேண்டுமானால் பழைய கார்டைக் கொண்டுவா என்கிறார்கள். கார்டு புருஷன் பெட்டியில் போய்விட்டது. புருஷனையே கொண்டுவா என்று சொல்லியிருந்தாலும் அவளுக்கு அதே கஷ்டம்தான். கை ஒடிந்து வேலையும் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் ஏழாவது, சின்னவள் மூன்றாவது. இருந்தும் அவள் கூரையில் காலையும் மாலையும் புகை ஏறிக்கொண்டேயிருந்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பங்கிடும்போது அண்டாவில் அரிசி குறைந்திருந்தது. அதற்கு முந்தைய வாரமும் அப்படித்தான் என்று அப்போது ஞாபகம் வந்தது. டப்பா எண்ணிக்கை குறையவில்லை, அரிசி மட்டும் குறைகிறது. கோயில் சாவி யாரிடம்? அரிசி வேண்டாம் என்று சொல்கிறவள் வீட்டில் புகை எப்படி? எனக்குள் இரண்டும் வந்து சேர்ந்துகொண்டது. மாரியாயியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் தெருவுக்கே கேட்கும்.

நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அடுத்த வியாழக்கிழமை எல்லாரும் கொட்டிவிட்டுப் போன பிறகு, அண்டா அரிசியைக் கையால் சமமாகத் தடவி, விரலால் ஒரு வேல் வரைந்தேன். யாராவது ஒரு பிடி எடுத்தாலும் வேல் கலைந்துவிடும். முருகன் வேலைக் கொண்டு திருடியைப் பிடிக்கப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ராசம்மாதான் கதவைத் திறந்தாள். மூடியை எடுத்துப் பார்த்தேன். வேல் அப்படியே இருந்தது. ஒரு கோடு கலையவில்லை.

நல்ல மனசாக இருந்தால் அங்கேயே அவள் காலில் விழுந்திருப்பேன். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? எடுத்துவிட்டு இவளே மறுபடி வரைந்து வைத்திருப்பாளோ? இடது கையால் இவ்வளவு நேராக வரைய முடியுமா? ஒரு வாரம் முழுக்க இதே யோசனை. கும்பிடும்போதும் இதே யோசனை.

7

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. கலெக்டர் லீவு விட்டுவிட்டார் என்று டிவியில் சொன்னார்கள். தெருப் பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்திக்கொண்டு தண்ணீரில் குதித்தார்கள். ராசம்மாவின் சின்னவள் மட்டும் என் வாசலில் வந்து நின்றாள்.

"பெரியம்மா, நாளைக்குமா லீவு?"

"நாளைக்கும்தாம்மா. புதன் வரைக்கும் இருக்குமாம்."

அவள் மேலே மழையைப் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள்.

பள்ளிக்கூடம் லீவு என்றால் மதியச் சத்துணவும் லீவு. எனக்கு அது அந்த நிமிஷம் உறைக்கவில்லை. லீவு வேண்டாம் என்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை, இதிலும் ஏதோ இருக்கிறது என்றுதான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை, கோயில் சாவி கேட்கிற சாக்கில் அவள் வீட்டுக்குப் போனேன். உண்மையில் போனது வீட்டைப் பார்க்க. அரிசி எங்கே வைத்திருக்கிறாள் என்று பார்க்க.

உள்ளே கண் எரியும் அளவுக்குப் புகை. ஈர விறகு. பெரியவள் ஊதிக்கொண்டிருந்தாள். சின்னவள் சுவரோரம் சாக்கில் சுருண்டு கிடந்தாள். அடுப்பில் பானை கொதிக்கிற சத்தம். ராசம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து அடுப்புக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"சாவியாக்கா? இந்தா தாரேன்."

"என்ன கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டே அவளைச் சுற்றிப் போய் மூடியை எடுத்தேன்.

வெறும் தண்ணீர்.

மூடியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் நான், "எத்தன நாளா?" என்றேன்.

"லீவு வுட்டதுல இருந்துதான் ரொம்ப. அதுக்கு முன்னால மதியம் பள்ளிக்கூடத்துல சாப்புட்டு, கொஞ்சம் டிபன் பாக்சுல கொண்டாருவாளுக."

"அடுப்பு எதுக்குடி எரியுது?"

"எரியலன்னா நீங்க அரிசி தூக்கிட்டு வந்துருவீங்க. நானே போயி மத்தவங்களுக்குக் குடுத்த அரிசி. எப்பிடிக்கா வாங்குறது?"

"டிரஸ்டுல குடுத்தாங்களே. அது நம்ம அரிசி இல்லியே. அதையாவது வாங்கியிருக்கலாம்ல?"

ராசம்மா கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். "இத வெச்சுக்கிட்டு முழுப் பேரு எப்பிடிக்கா போடுறது? அரப் பேருன்னா ஓரளவு இழுத்துருவேன். அரப் பேரு எடுத்துக்க மாட்டோம்னு அந்தப் புள்ள மூஞ்சிக்கு நேரா சொல்லிருச்சே."

பாலத்தடியில் நின்று வாயைத் திறக்க மாட்டோம் என்று தலையாட்டியது நான். அந்த வாயை ஒரு தடவை திறந்திருந்தால் இந்தப் பானையில் சோறு இருந்திருக்கும்.

மேலே பலகையில் ஒரு டப்பா இருந்தது. எடுத்துத் திறந்தேன். உள்ளே அரிசி.

"அது வியாழக்கிழமைக்கு எடுத்து வெச்சதுக்கா. எங்கயாச்சும் கொஞ்சம் கெடச்சா மொதப் பிடிய அதுலதான் போடுவேன். அம்மன் அரிசி, அதத் தொடக் கூடாது" என்றாள். பிள்ளைகளும் அதைத் தொடவில்லை. அந்த டப்பா அவர்கள் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.

நான் அதை அப்படியே கொதிக்கிற தண்ணீரில் கொட்டினேன். ராசம்மா "ஐயோ" என்று கையைப் பிடிக்க வந்தாள்.

"அம்மன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ அடுப்பப் பாரு" என்றேன்.

வேக வேகச் சின்னவள் எழுந்து உட்கார்ந்தாள். கொதி அடங்கும்வரை பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பு மட்டும் போட்டுக் கஞ்சியாகக் குடித்தார்கள். பெரியவள் இரண்டாவது தட்டை நீட்டும்போது அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே நீட்டினாள்.

வீட்டுக்கு வந்து என் டப்பாவைத் திறந்து பார்த்தேன். ராசம்மா டப்பாவில் இருந்தது பிடிப்பிடியாக விழுந்த அரிசி. என் டப்பாவில் இருந்தது மூன்று விரலால் கிள்ளிப் போட்டது. மழை நீள நீள என் பிடி எப்போது கிள்ளாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. கணக்குப் பார்த்து நான் செய்யவில்லை, கைதான் தானாகச் சுருங்கியிருக்கிறது. எல்லா வீட்டுக் கையும் அப்படித்தான் சுருங்கியிருக்கும். அண்டா குறைந்ததற்குத் திருடியைத் தேடி நான் வேல் வரைந்தேன். வரைந்த விரலே கிள்ளிய விரல்.

8

மறுநாள் மழையோடு டிரஸ்டு பங்களாவுக்குப் போனேன். கொத்திய இடத்தில் புல் இன்னும் முளைக்கவில்லை. கவிதாவிடம் ராசம்மா கதையைச் சொன்னேன். அந்தப் பெண் வெகு நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

"நான் என்னம்மா தப்பாச் சொன்னேன்?"

"நீ தப்பா ஒண்ணும் சொல்லலம்மா. நீ இங்க நின்னு சொன்ன. நாங்க அங்க நின்னு கேட்டோம்."

ராசம்மாவின் பெயரை எழுதச் சொன்னேன். எழுதும்போது எட்டிப் பார்த்தேன். "ராசம்மா" என்று எழுதினாள். "கார்டுல ராசம்மாள்னு இருக்கு, ளையும் போடு" என்றேன். போட்டாள். புருஷன் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டாள். பிறகு பைலைப் புரட்டி, "நீங்க வள்ளியம்மைதானேம்மா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன். "செல்லம்மா. அதையும் மாத்திரு."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அடித்து எழுதினாள். அதையும் எட்டிப் பார்த்தேன்.

சங்கீதாவுக்கும் கதை தெரிந்துவிட்டது. மாரியாயி வாய் எத்தனை நாளைக்குத் தாங்கும்? நான் பயந்த மாதிரி அவள் சிரிக்கவில்லை. "அந்த லிஸ்ட நான் லாட்ஜ் கம்ப்யூட்டர்ல அடிச்சுத் தாரேன்" என்றாள். ஒவ்வொரு வீடாக ஏறி முழுப் பெயர் கேட்டாள். லயத்துக்குள் அவள் அப்படி வீடு வீடாகப் போய் நான் பார்த்தது சின்ன வயதில்தான். கேட்டு முடித்து வந்து, "அம்மா, பாதிப் பேர் பொய்ப் பேர் குடுத்துருக்காங்க. மாரியாயி அத்தை செத்துப்போன மாமியா பேரக் குடுத்துருக்கு" என்றாள். அதற்குச் சிரித்தோம்.

லிஸ்டு ஒன்றுக்கு இரண்டு தடவை வாங்கிப் படிக்கிறேன். இப்போதும் எனக்கு எழுதி வாங்குகிறவர்கள் மேல் நம்பிக்கை வந்துவிடவில்லை. அந்த அரிசி யாரிடமிருந்து வருகிறது, எங்கள் பெயர் எங்கே போகிறது என்று கவிதாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த மழைக்கு வருவார்களா என்றும் தெரியாது. அதனால் கைப்பிடி அரிசியை நாங்கள் விடவில்லை.

ராசம்மா சும்மா வாங்க மாட்டேன் என்றாள். வெள்ளிதோறும் கோயிலில் உட்கார்ந்து இடது கையால் அரிசியில் கல் பொறுக்கினாள். முடிந்ததும் மாரியாயி சத்தமாகச் சொல்வாள். "ராசம்மாவுக்கு ஒரு அரப் பேரு." கை கூடிய பிறகும் அவள் அதை நிறுத்தவில்லை. இப்போது முழுப் பேர் போடச் சொல்லிச் சண்டை.

ஒரு வேண்டுகோள். மேலே என் அக்கா பெயர் வருகிறது. அவள் உங்களோடுதான் மேல் லயத்தில் இருக்கிறாள், நீங்களும் பாக்கியம் என்றுதான் கூப்பிடுவீர்கள். மலரில் அச்சடிக்கும்போது பாக்கியலட்சுமி என்று முழுதாகப் போடவும்.

இன்று காலை மழைக்கு லீவு. விளக்கேற்றிவிட்டு வெளியே வந்து பார்த்தேன். கடைசி வீட்டுக் கூரையில் நன்றாகப் புகை ஏறியது. முன்னால் என்றால் சரி, அங்கே சோறு இருக்கிறது என்று திரும்பியிருப்பேன். இப்போது நான் புகையை நம்புவதில்லை. சேறு மிதித்துப் போய்க் கதவைத் தள்ளினேன்.

"வந்துட்டாங்கடி கங்காணியம்மா" என்றாள் ராசம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "மூடியத் தொறந்து காட்டு."

சின்னவள் துணியால் பிடித்து மூடியைத் தூக்கினாள். நான் குனிந்து பார்த்தேன். அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியால் அடி வரைக்கும் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.